மூன்று வாட்ச், ஒரு டேப், கொஞ்சம் சுண்ணாம்பு

வட்டார அளவிலான இளையோர் தடகளப் போட்டி என்று பேச்செடுத்தாலே, ‘திறமையைக் கண்டறியும் களம்’ என்று மேடையில் ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். களம் எதைக் கண்டறிகிறது என்பது அன்றைக்கு ஸ்டாப்வாட்ச் யார் கையில் இருக்கிறது, டேப்பின் முனையை யார் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பதினைந்து வயதுப் பையன் 100 மீட்டரை 11.3 நொடியில் ஓடினான் என்று தாளில் ஏறிவிட்டால் அந்த எண் அவன் கூடவே போகும். அடுத்த மட்டத்துக்கான நுழைவுப் படிவத்தில் அதுதான் இருக்கும். அங்கே ஹீட்ஸ் எனும் தகுதி ஓட்டங்களைப் பிரிப்பதும் அதை வைத்துத்தான். பயிற்சியாளர் அடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டம் போடுவதும் அதை நம்பித்தான். உண்மையில் அவன் 11.7 ஓடுகிறவன் என்றால், மேலே போய் முதல் ஹீட்ஸிலேயே கழன்றுகொண்டு, தனக்கு என்ன ஆயிற்று என்று குழம்புவான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாட்ச் பிடித்தவர் சத்தத்தைக் கேட்டு அமுக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்கலாம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். தொடக்கத் துப்பாக்கியின் ஓசை 100 மீட்டர் தள்ளி முடிவுக் கோட்டில் நிற்பவர் காதுக்கு வந்து சேர 0.29 நொடி ஆகும். அதற்குள் பையன் கால் ஊன்றியிருந்த பிளாக்கை விட்டு எழுந்திருப்பான். சத்தம் கேட்டபின் அமுக்கினால் இந்த 0.29 முழுவதும் அவனுக்கு இலவசம். அதனால்தான் புகையையோ ஒளியையோ பார்த்து அமுக்கச் சொல்கிறது விதி. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டருக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகையை நிறுத்தினால் புகை பளிச்சென்று தெரியும். துப்பாக்கி இல்லாமல் மரக் கிளாப்பர்தான் என்றால், இரண்டு கட்டைகளும் சேரும் கணத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்டார்ட்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். மார்புக்கு நேராகத் தட்டினால் 100 மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முடிவில், உடலின் நடுப்பகுதி கோட்டின் தளத்தைத் தொடும்போது நிறுத்த வேண்டும். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் இல்லை. கோட்டுக்கு நேராக, கடைசி ஓடுபாதையான வெளி லேனிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி, படிப்படியான மேடையில் நின்றால்தான் இது சரியாகத் தெரியும். கோட்டுக்கு ஒரு அடி முன்னே நின்று பார்ப்பவருக்கு உள் லேன் ஒரு மாதிரியும் வெளி லேன் இன்னொரு மாதிரியும் தோன்றும்.

இனி படித்த எண்ணை என்ன செய்வது? கையால் எடுத்த நேரம் என்றால் அடுத்த பத்தில் ஒரு நொடிக்கு மேலேற்ற வேண்டும். 11.40 என்றால் 11.4. 11.41 என்றால் 11.5. பள்ளிக் கணக்கில் பழகியபடி 11.42-ஐ 11.4 என்று எழுதுவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. மூன்று வாட்சில் இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம். மூன்றும் வேறு வேறு என்றால் நடுவில் இருப்பது. ஒரு வாட்ச் நின்றுபோய் இரண்டுதான் மிச்சம், அவையும் ஒத்துப்போகவில்லை என்றால் நீளமான நேரம். உதாரணமாக 11.42, 11.38, 11.51 என்று வந்தால் முதலில் 11.5, 11.4, 11.6 ஆக்கி, நடுவில் உள்ள 11.5-ஐ எழுத வேண்டும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, விதிப் புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையாது.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் கை நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகத்தான் வரும். தொடக்கத்தில் புகையைப் பார்த்தபிறகுதான் விரல் அசைகிறது. முடிவிலோ ஓடிவருபவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. ஒப்பிடும்போது 100, 200 மீட்டருக்கு 0.24, 400 மீட்டருக்கு 0.14 நொடி கூட்டிப் பார்ப்பது இதனால்தான். கையால் எடுத்த 11.3-ஐ மின்னணு 11.54 என்று நினைத்துக்கொண்டு மேலே போகிறவனுக்கு ஏமாற்றம் குறைவு.

எட்டுப் பேர் ஓட்டத்தில் ஆளுக்கு மூன்று வாட்ச் என்றால் 24 பேர் வேண்டும். எந்த வட்டாரப் போட்டியிலும் அத்தனை பேர் கிடைக்கப் போவதில்லை. முதலிடத்துக்கு மூன்று, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று என்று ஒப்பேற்றுவதுதான் நடைமுறை. அப்படியிருக்க, இறுதிக்குப் போகிறவர்களை ‘ஒவ்வொரு ஹீட்ஸிலும் முதலாவது, மீதி நல்ல நேரக்காரர்கள்’ என்று தேர்ந்தெடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். 2-வது ஹீட்ஸின் நேரமும் 4-வது ஹீட்ஸின் நேரமும் வேறு வேறு விரல்கள் எடுத்தவை. கை நேரம் மட்டுமே உள்ள மீட்டில் (போட்டியில்) இடத்தை வைத்துத்தான் தகுதி தர வேண்டும். 26 பேர் வந்திருக்கிறார்கள், 8 லேன் இருக்கிறது என்றால் 7, 7, 6, 6 என்று நான்கு ஹீட்ஸ், ஒவ்வொன்றிலும் முதல் இருவர். எட்டு பேர் சரியாக வந்துவிடும். இந்த முறை நியாயமாக இருக்க, நல்ல நேரம் வைத்திருக்கும் முதல் நால்வரும் நான்கு ஹீட்ஸுக்குப் பிரிந்திருக்க வேண்டும். பெயர் கொடுத்த வரிசையிலேயே ஏழேழாக வெட்டினால், ஒரே பயிற்சி மையத்துப் பிள்ளைகள் ஒரே ஹீட்ஸில் மோதிக்கொள்வார்கள்.

முக்காலியில் நிறுத்திய செல்போன் இந்த இடத்தில் நன்றாக உதவும். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் மெது ஓட்டப் பதிவில், நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருபவர் ஒரு பிரேமுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாகவே நகர்வார். இருவரில் யார் முன்னே என்று இடம் சொல்ல அது போதும். ஆனால் கேமரா முடிவுக் கோட்டுக்கு மிகச் சரியாக நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதிலிருந்து நேரம் எடுக்க முயல வேண்டாம்.

வாட்ச் கதை இப்படியென்றால், சுண்ணாம்புக் கதை இன்னும் சுவையானது. 400 மீட்டர் டிராக்கின் வழக்கமான அளவு: நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், லேன் அகலம் 1.22 மீட்டர். முதல் லேனில் ஓரக்கட்டை இருந்தால் அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓடுவதாகக் கொண்டு நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். மற்ற லேன்களில் கோட்டிலிருந்து 20 செ.மீ. இந்த வேறுபாட்டால்தான் 400 மீட்டருக்கு 2-வது லேனின் முன்னேற்றம் (வெளி லேனின் சுற்று நீளம் என்பதால் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளும் தூரம்) 7.04 மீட்டராகவும், அதற்கு அடுத்த ஒவ்வொரு லேனுக்கும் கூடுதலாக 7.67 மீட்டராகவும் இருக்கிறது.

மண் மைதானத்தில் ஓரக்கட்டை ஏது? வெறும் சுண்ணாம்புக் கோடுதான். அங்கே முதல் லேனையும் கோட்டிலிருந்து 20 செ.மீ.யில்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால், 36.50 மீட்டர் ஆரத்தில் போட்ட வளைவோடு ஒரு சுற்று 400 மீட்டருக்கு 63 செ.மீ. குறைகிறது. 2-வது லேனின் முன்னேற்றமும் 7.04 ஆக இருக்காது, மற்ற லேன்களைப் போலவே 7.67 ஆகிவிடும். புத்தகத்து அட்டவணையை அப்படியே தூக்கிவந்து கோடு போட்டால், முதல் லேன்காரனுக்கு மட்டும் 63 செ.மீ. குறைவாக ஓடும் சலுகை கிடைக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். சரிசெய்வது எளிது: வளைவு போடும் கயிற்றை 10 செ.மீ. நீட்டி ஆரத்தை 36.60 ஆக்குங்கள், எல்லா லேனுக்கும் 7.67 வைத்துக் கோடு போடுங்கள். கயிறு இழுபடும் என்பதால், வளைவின் தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் ஸ்டீல் டேப்பால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. டிராக்கே 200 மீட்டர்தான், 400 மீட்டரை இரண்டு சுற்றும் லேனிலேயே ஓடவைக்கப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு லேனுக்கும் 15.33 மீட்டர் வேண்டும்.

4x100 தொடர் ஓட்டத்தில் இன்னும் பல இடங்களில் பேட்டன் (ஓடுபவர்கள் கைமாற்றும் குச்சி) மாற்றுவதற்கான பழைய 20 மீட்டர் மண்டலத்தையும் அதற்கு முன்னால் 10 மீட்டர் ஓட்டத் தொடக்கத்தையும் தனித்தனியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். விதி மாறி ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மண்டலம் முழுதாக 30 மீட்டர், பேட்டன் அதற்குள் எங்கே கைமாறினாலும் சரி. 4x400-ல்தான் 20 மீட்டர். பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி, ஓடுபவரின் கால் எங்கே என்பது அல்ல. பெரும்பாலான தகராறுகள் இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

தடை ஓட்டத்தில் ஒரு ஹர்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 110 மீட்டரில் உயரம் 0.914 மீட்டர், 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 0.991, பெரியவர்களுக்கு 1.067. 18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 100 மீட்டரில் 0.762, அதற்கு மேல் 0.838. பிரிவு மாறும்போது தொண்டர்கள் ஓடிவந்து குமிழைத் திருகி உயரத்தை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அடிக்காலில் இருக்கும் எடைக்கட்டியை யாரும் தொடுவதில்லை. கம்பியின் நடு உச்சியில் 3.6 முதல் 4 கிலோ விசை கொடுத்தால்தான் ஹர்டில் சாய வேண்டும், அதற்குத்தான் ஒவ்வொரு உயரத்துக்கும் எடைக்கட்டிக்கு ஓர் இடம் குறித்திருக்கிறார்கள். உயரத்தைக் குறைத்துவிட்டு எடையை உயரமான அமைப்பின் இடத்திலேயே விட்டால் ஹர்டில் முரண்டு பிடிக்கும், முழங்கால் பட்டால் பிள்ளை விழும். எடை முன்னுக்கு வந்திருந்தால் காற்றுக்கே சாயும். ஒரு வில் தராசைக் கம்பியின் நடுவில் மாட்டி இழுத்துப் பார்த்தால் பத்து வினாடியில் தெரிந்துவிடும். அடிக்கால்கள் ஓடிவருபவரை நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் இடித்தால் முன்னோக்கிச் சாயும். திருப்பி வைத்த ஒரே ஒரு ஹர்டில் போதும், ஒரு கணுக்காலைக் காலி செய்ய.

எறிதல் பிரிவில் கோட்டைவிடுவது பெரும்பாலும் கருவிப் பெட்டியில்தான். 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குக் குண்டு 5 கிலோ, வட்டு 1.5 கிலோ, ஈட்டி 700 கிராம். 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 6 கிலோ, 1.75 கிலோ, 800 கிராம். பெண்களுக்கு 18 வயதுக்குள் குண்டு 3 கிலோ, ஈட்டி 500 கிராம், அதற்கு மேல் 4 கிலோ, 600 கிராம். வட்டு மட்டும் இருவருக்கும் 1 கிலோ. 1.5 கிலோ வட்டும் 1.75 கிலோ வட்டும் பார்வைக்கு ஒரே குடும்பம், அவசரத்தில் கை மாறிப் போகும். காலையிலேயே ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, பிரிவுக்கு ஒரு நிறப் பட்டை பெயிண்ட் அடித்துவிடுங்கள். பல ஆண்டு சிமெண்டில் விழுந்து தேய்ந்த குண்டு எடை குறைந்திருக்கும். 4.990 கிலோ காட்டினால் அது 5 கிலோ குண்டு அல்ல, பயிற்சிக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

எறிதளத்தின் (கருவி விழ வேண்டிய பகுதியின்) கோணம் 34.92 டிகிரி என்றதும் பலர் பயப்படுகிறார்கள். கோணமானி தேவையில்லை. குண்டு, வட்டு இரண்டுக்கும் வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரு கோடுகளுக்கும் இடையே 12 மீட்டர் இருந்தால் கோணம் தானாக வந்துவிடும். ஈட்டிக்கு 28.96 டிகிரி, எறியும் வளைவின் வட்ட மையத்திலிருந்து 20 மீட்டரில் 10 மீட்டர். அளக்கும்போது டேப்பின் சுழி முனை கருவி விழுந்த தடத்தில், மறுமுனை வட்ட மையத்தின் வழியாக. மையத்தை விட்டு டேப் விலகினால் தூரம் கூடும். வட்டத்தின் உள்விளிம்பில் படித்து, முழு சென்டிமீட்டருக்குக் கீழே இறக்கி எழுத வேண்டும். எறிந்த கருவியைத் திரும்ப எறிந்து அனுப்பக் கூடாது, கையில் எடுத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். இதில் மட்டும் சமரசமே கூடாது.

நீளம் தாண்டுதலில் டேப் கோணல் போவதுதான் சிக்கல். காலை ஊன்றித் தாண்டும் பலகையின் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். சரியான தூரம் 5.80 மீட்டர், ஆனால் தடம் பலகையின் நடுவிலிருந்து 80 செ.மீ. பக்கவாட்டில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்பைப் பலகையின் நடுவுக்கே இழுத்தால் 5.85 வரும். 5 செ.மீ. என்பது வட்டார மட்டத்தில் வெண்கலத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள தூரம். மணலில் பலகைக்கு மிக அருகில் உள்ள தடம் எதுவோ, கை ஊன்றியதோ இடுப்பு பட்டதோ, அதுதான் கணக்கு. மணல் ஈரமாக இல்லையென்றால் தடத்தின் விளிம்பு சரிந்து அரை சாண் கூடப் பொய் சொல்லும். ஒவ்வொரு தாண்டலுக்கும் பிறகு மணலைப் பலகை மட்டத்துக்குச் சமப்படுத்தவும் ஒரு ஆள் வேண்டும். குழி பள்ளமாகக் கிடந்தால் எல்லோரும் நன்றாகத் தாண்டியது போலத் தெரியும்.

உயரம் தாண்டுதலில் சமநிலை தீர்ப்பது இன்றைக்கும் பலருக்குக் குழப்பம்தான். முதல் பெண் 1.60-ஐ முதல் முயற்சியில் தாண்டினாள், 1.65-ல் இரண்டு முறை தவறி மூன்றாவதில் தாண்டினாள், 1.70-ஐ முதல் முயற்சியிலேயே தாண்டினாள். இரண்டாவது பெண் 1.60, 1.65 இரண்டையும் முதல் முயற்சியில், 1.70-ஐ ஒரு தவறுக்குப் பின் தாண்டினாள். 1.75-ல் இருவருமே மூன்று முறையும் தவறிவிட்டார்கள். மொத்தத் தவறுகளைப் பார்த்து இரண்டாமவளுக்குத் தங்கம் கொடுத்துவிடுவார்கள். தவறு. கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்பதுதான் முதல் கேள்வி. 1.70-ல் முதல் பெண்ணுக்குத் தவறே இல்லை, அவள்தான் முதலிடம். அங்கேயும் சமம் என்றால்தான் அதுவரையிலான மொத்தத் தவறுகளுக்குப் போக வேண்டும். 1.75-ல் விழுந்த மூன்றும் அந்தக் கூட்டலில் வராது.

காற்றுமானி பல மீட்களில் இருக்காது. இருந்தால் அதை முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டரில், 1.22 மீட்டர் உயரத்தில், டிராக்கிலிருந்து 2 மீட்டருக்குள் வைத்து, 100 மீட்டருக்குத் தொடக்கத்திலிருந்து 10 நொடி அளக்க வேண்டும். பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் இடம் செல்லும், சாதனை செல்லாது. மானி இல்லையென்றால் ‘காற்று அளக்கப்படவில்லை’ என்று முடிவுத் தாளில் எழுதிவிடுவதே நேர்மை.

நேர அட்டவணை போடுபவர்கள் பிள்ளைகளின் கால்களை மறந்துவிடக் கூடாது. 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் ஒரு சுற்றின் கடைசி ஹீட்ஸுக்கும் அடுத்த சுற்றின் முதல் ஓட்டத்துக்கும் நடுவே குறைந்தது 45 நிமிடம், அதற்கு மேல் 1000 மீட்டர் வரை 90 நிமிடம் விடச் சொல்கிறது விதி. பரிசளிப்புக்கு விருந்தினர் வந்துவிட்டார் என்று 400 மீட்டர் இறுதியை அரை மணி நேரத்தில் ஓடவைப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரே பையன் நீளம் தாண்டுதலிலும் 100 மீட்டரிலும் இருந்தால், அந்தச் சுற்றுக்குள் அவன் முறையை முன்னே பின்னே மாற்றிக்கொடுக்க நடுவரால் முடியும். ஆனால் அவன் போய்க் கேட்க வேண்டும். சொல்லாமல் டிராக்குக்கு ஓடிவிட்டால், பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை என்று அந்த முயற்சி போய்விடும். இதையெல்லாம் ஒரு பிள்ளை பழகிக்கொள்ளும் முதல் இடம் வட்டாரப் போட்டிதான். பள்ளி விளையாட்டு விழாவில் கால் ரூம் (போட்டிக்கு முன் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் இடம்) கிடையாது, இரண்டு சுற்று கிடையாது, தெரியாத முகங்களோடு பக்கத்து லேனில் நிற்பதும் கிடையாது.

வட்டார மட்டம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குக் கரீபியன் தீவுகளைப் பார்க்கலாம். அங்கே கரிஃப்டா எனும், தீவு நாடுகளுக்கு இடையிலான வட்டாரப் போட்டி 1972 முதல் இளையோருக்காகவே நடக்கிறது. 2001-ல் 14 வயது உசேன் போல்ட் அதில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெள்ளிதான் வாங்கினார். 2004-ல் அதே போட்டியில் 200 மீட்டரை 19.93 நொடியில் ஓடினார். 14 வயதில் வந்த வெள்ளியைத் தோல்வி என்று யாராவது எழுதி மூடியிருந்தால்? 18 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டி 1999-ல் தொடங்கி 2017-ல் நைரோபியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் அந்த வயதில் கண்டங்களுக்குள்ளும் வட்டாரங்களிலும் நடக்கும் போட்டிகள் இப்போது இன்னும் முக்கியம்.

இந்த வயதில் இடத்தைவிடச் சொந்தச் சிறந்த அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. டிசம்பர் 31 அன்று வயது எத்தனை என்று பார்த்துத்தான் பிரிவு வைக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள், நடுவே ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. மீசை முளைத்தவன் 15 வயதில் குண்டெறிதலில் எல்லோரையும் ஓரம் கட்டுவான். மற்றவர்கள் வளர்ந்து வரும்போது நிலைமை மாறும். கடைசியில் வந்த ஒல்லிப் பையன் போன மீட்டைவிட 70 செ.மீ. கூட எறிந்திருக்கிறான் என்றால் அதைக் கவனித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்லப் போன மீட்டின் அளவும் நம்பும்படி இருந்திருக்க வேண்டும்.

அதனால் முடிவுத் தாளில் இடம், பெயர், எண் மட்டும் போதாது. கை நேரமா மின்னணு நேரமா, காற்று எவ்வளவு, கருவியின் எடை, ஹர்டில் உயரம், எந்த ஹீட்ஸ், எந்த லேன் எல்லாம் அதே தாளில் இருக்க வேண்டும். வராதவர், பாதியில் நின்றவர், தகுதி இழந்தவர் மூவரையும் தனித்தனியாகக் குறியுங்கள், மூவருக்கும் ஒரே கோடு இழுக்காதீர்கள். தகுதி இழந்தவருக்கு எந்த விதி என்றும் எழுதுங்கள். முடிவு அறிவித்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் முறையீடு செய்யலாம் என்பதால், பலகையில் தாளை ஒட்டும்போது ஒட்டிய நேரத்தை மூலையில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.